ஃபார்மட் அடிப்பதற்கு முன்

அருமனையிலிருந்து சில கிலோமீட்டர் போனால் கேரள எல்லை. எல்லைக்கு அப்பால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கணினியைப் பழகுவதே லினக்ஸில்தான். இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் வந்தது. சென்னை சி-டாக் மையம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மடிக்கணினிகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. கல்லூரி படிக்கும் பிள்ளை டெய்ல்ஸ், க்யூப்ஸ் என்று பாதுகாப்புக்குப் பேர்போன இயங்குதளங்களைக் கேள்விப்பட்டு, பென் டிரைவில் ஏற்றி முயன்று பார்க்கும். பூட் ஆகாது. கடையில் கேட்டால், "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பார்கள். பெரும்பாலும் இது வீண் வேலை. சிக்கல் இருப்பது ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதற்கு முந்தைய கட்டத்தில்.

கணினியை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது பயோஸ். அது பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர் கெர்னலை எழுப்பும். கெர்னல் வட்டைத் தேடிப் பிடிக்கும். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பூட் மெனுவில் பென் டிரைவின் பெயரே வரவில்லையா? எழுதிய விதம் தவறு, அல்லது பழைய லெகசி முறைக்கும் யுஇஎஃப்ஐ முறைக்கும் பொருந்தவில்லை. ரூஃபஸ் மென்பொருளில் எழுதும்போது டிடி முறையைத் தேர்ந்தால் பாதிப் புகார்கள் மறையும். மெனு வந்து, தேர்ந்தெடுத்த பிறகு திரை கறுத்துவிட்டால் கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். என்விடியா அட்டை இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். எழுத்துகள் ஓடி, வட்டைக் காணோம் என்று நின்றால், பயோஸில் ஸ்டோரேஜ் ரெய்டு முறையில் இருக்கிறதா பாருங்கள். முன்னேற்பாடு இல்லாமல் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் லினக்ஸ் வரும், ஆனால் விண்டோஸ் படுத்துக்கொள்ளும்.

இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது செக்யூர் பூட். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது பரவலான ஏற்பாடு இது. திட்டத்தின் முதல் ஆண்டு மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இது இயக்கத்தில் இருக்கும் கணினிகளில், கையெழுத்துச் சரியில்லாத பூட்லோடரை பயோஸ் உள்ளே விடாது. பல லினக்ஸ்கள் மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சிறு நிரல் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன.

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, ஓட்டையுள்ள பழைய பூட்லோடர்களின் தடைப்பட்டியலைக் கணினிகளில் பதித்தது. இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தொடமாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் பலவற்றை அடையாளம் காணத் தவறியது. மறுநாள் லினக்ஸைத் திறந்தவர்களுக்கு, பாதுகாப்பு விதி மீறப்பட்டதாக ஒரு வரி வந்து கணினியே அணைந்தது. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யுடில் கட்டளையால் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு, மறுபடி செக்யூர் பூட்டைப் போட்டால் சரியானது. மைக்ரோசாஃப்ட் முழுத் தீர்வு தர 2025 மே ஆனது. வட்டில் இருந்த ஒரு கோப்புக்கும் இதில் சேதமில்லை. அன்று ஃபார்மட் அடித்தவர்கள் எத்தனை பேரோ!

ஒரு எச்சரிக்கை: பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கும் விண்டோஸ் கணினியில் செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். முதலில் அதை எழுதி வையுங்கள்.

பழைய மடிக்கணினிக்கு நான் சொல்வது டெய்ல்ஸ். வட்டில் நிறுவவே வேண்டாம், பென் டிரைவிலிருந்தே ஓடும். அணைத்தால் தடயம் விடாது. 64 பிட் செயலி வேண்டும். 2025-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து 3 ஜிபி ரேமும் வேண்டும். பூட் ஆன பிறகும், டெய்ல்ஸ் இணையத்துக்குப் பயன்படுத்தும் டார் வலையமைப்பின் இணைப்பு கிடைக்கவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினியில் சீமாஸ் பேட்டரி செத்து, தேதி பத்தாண்டு பின்னே போயிருக்கும். சில பத்து ரூபாய்ப் பேட்டரி ஒன்று பெரிய மர்மங்களைத் தீர்த்துவிடும்.

க்யூப்ஸ் கதை வேறு. போலந்தின் யோவான்னா ருட்கோவ்ஸ்கா 2010-இல் அறிவித்த இந்த இயங்குதளம் இணையம், வங்கி, அலுவலகம் என ஒவ்வொன்றையும் தனித்தனி மெய்நிகர் கணினியில் அடைக்கிறது. மீன் அறுத்த பலகையில் பழம் நறுக்காத வீட்டைப் போல. ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாக வேலைக்கான, இணைய இணைப்புள்ள ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலைக் கட்டுப்பாட்டு வலைப்பின்னல் தனியே இருந்ததால் அது பாதிக்கப்படவில்லை.

இப்படிப் பிரித்து வைக்க வன்பொருளின் ஒத்துழைப்பு வேண்டும். இன்டெலில் விடி-எக்ஸ், விடி-டி இரண்டும் பயோஸில் இயக்கத்தில் இல்லையென்றால், நிறுவியே எச்சரிக்கும். அதை மீறி அடுத்து, அடுத்து என்று போகிறவர்களுக்குத்தான் பின்னால் வலையமைப்புப் பிரிவு எழாமல் போகிறது. வேடிக்கை என்னவென்றால், இத்தனை கெடுபிடியான க்யூப்ஸை நிறுவ செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். கணினியை யாரேனும் கை வைத்து மாற்றினார்களா என்று கண்டறிய அது டிபிஎம் சில்லை நம்பும் வேறொரு வழியை வைத்திருக்கிறது.

செக்யூர் பூட்டை அணைக்காமல் லினக்ஸ் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லினக்ஸ் ஷிம்களுக்குக் கையெழுத்திட்டு வந்த மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழுக்குக் காலாவதி 2026 ஜூன். ஏற்கெனவே பூட் ஆகும் கணினி அதனால் நின்றுவிடாது. ஆனால் 2023 சான்றிதழால் மட்டும் கையெழுத்திடப்பட்ட புதிய நிறுவல் ஊடகத்தை, அந்தச் சான்றிதழ் இல்லாத பயோஸ் ஏற்காது. விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகவோ தயாரிப்பாளரின் பயோஸ் புதுப்பிப்பு வழியாகவோ அதைச் சேர்க்கலாம். லினக்ஸ் மட்டும் இருக்கிற கணினியில் எஃப்டபிள்யூஅப்டி கருவி அதைச் செய்து தரும்.