இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் சவாசனம்

சவம் போலக் கிடப்பதும் ஓர் ஆசனமா? ஆம்! இரத்தக் கொதிப்புக்கு ஏற்ற ஆசனமே அதுதான்.

கோபமும் கவலையும் நரம்புகளை முடுக்கி, இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. உடனே அழுத்தம் ஏறுகிறது. உடம்பு தளர்ந்தால் அந்த முடுக்கம் தணியும்.

பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இருதய நோய் நிபுணராக இருந்தவர் டாக்டர் கே. கே. தாதே. அவரும் உடனிருந்த டாக்டர்களும் 47 நோயாளிகளுக்குச் சவாசனம் கற்பித்து, 1969-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பலன் கிட்டவில்லை. ஆனால் பலருக்கு அழுத்தம் இறங்கியது; மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது.

செய்யும் முறை எளிது. மல்லாந்து படுத்துக் கால்களைச் சற்று அகட்டி, கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்து, கண்களை மூடிக்கொள்ள வேண்டும். மூச்சு மெதுவாகப் போய் வரட்டும். உள்ளே போகும் காற்று மூக்கில் குளிர்ச்சியாகவும், வெளியே வரும் காற்று இளஞ்சூடாகவும் தெரியும். மனம் அதிலேயே நிற்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் செய்யலாம்.

தலைகீழாக நிற்கும் சிரசாசனமும், மூச்சை அடக்குவதும் இவர்களுக்கு ஆகாது.

“ஆசனம்தான் செய்கிறேனே!” என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. அது பக்கவாதத்தைக் கூவி அழைப்பதாகும். ஆசனத்தைச் செய்ய வேண்டியவர் நோயாளி. மருந்தைக் குறைக்க வேண்டியவர் டாக்டர்!