மெரினாவில் குழந்தைகளின் நாள்

காணும் பொங்கல் அன்று காலை ஏழு மணிக்கே சென்னைப் புறநகர் வீடுகளில் புளிக்காய்ச்சல் மணக்கத் தொடங்கிவிடும். ஆவடி, அம்பத்தூர், செங்குன்றம், பூந்தமல்லி, பொன்னேரி என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பரபரப்புதான். ஒரு டப்பாவில் புளியோதரை, இன்னொன்றில் எலுமிச்சை சாதம், தூக்குவாளியில் தயிர்சாதம். அசைவ வீடுகளில் வறுத்த மீனோ கறித்தொக்கோ கூடச் சேரும். இதில் தயிர்சாதம் கட்டுவதற்கு மட்டும் தனிப் பக்குவம் உண்டு. குழைய வடித்த சோற்றைக் கரண்டியால் மசித்து, காய்ச்சி ஆறவைத்த பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரை ஒரே ஒரு கரண்டி விட்டுப் பிசைவார்கள். மதியம் மூடியைத் திறக்கும்போது அது புளிக்காமல் பதமாகத் தோய்ந்திருக்கும். பல் முளைக்காத பேரப்பிள்ளைக்கும் பல் விழுந்த பாட்டிக்கும் அதையே உருட்டிக் கொடுக்கலாம்.

ஜனவரி 16 அல்லது 17. அரசு விடுமுறைப் பட்டியலில் உழவர் திருநாள். மாநிலத்தின் ஒவ்வொரு மூலையும் இந்த நாளைத் தன் வழியில் கொண்டாடுகிறது. கொங்கு நாட்டில் பெண்பிள்ளைகள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூ பறித்து வருவார்கள். அங்கே அது பூப்பறிக்கிற நோம்பி. சில வீடுகளில் மஞ்சள் இலையில் கணுப்பிடி வைத்து உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டிக்கொள்வார்கள். திருச்சிக்காரர்கள் முக்கொம்புக்கும், தஞ்சாவூர்க்காரர்கள் கல்லணைக்கும் சோற்று மூட்டையோடு கிளம்புவார்கள். சென்னைக்கும் அதைச் சுற்றிய மாவட்டங்களுக்கும் காணும் பொங்கல் என்றால் கடற்கரை, அதிலும் மெரினா.

ஏன் மெரினா? வண்டலூர் இருக்கிறது, மாமல்லபுரம் இருக்கிறது, தீவுத்திடல் பொருட்காட்சி இருக்கிறது. ஆனால் இரண்டு பிள்ளைகள், தாத்தா பாட்டி, அத்தை குடும்பம் என்று பத்துப் பேர் கிளம்பும்போது நுழைவுச்சீட்டுக்கே ஒரு தொகை போய்விடும். மெரினாவில் சீட்டு வாங்க வேண்டியதில்லை. நகரப் பேருந்தின் சாதாரணக் கட்டணச் சேவையில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை குழந்தைகளுக்கும் கட்டணம் இல்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. தினக்கூலி வாங்கும் வீட்டில் ஒரு நாள் உல்லாசம் சாத்தியமாவது இந்தக் கணக்கால்தான். காணும் பொங்கல் கூட்டத்தை வெறும் நெரிசலாகப் பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வருடத்தில் ஒரே ஒரு முறை குடும்பமாக வெளியே வருபவர்கள் அந்த மணலில் ஏராளம்.

அந்த மணலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பும்வரை கடல் இப்போதைய சாலைக்கு வெகு அருகில் இருந்தது. தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாக நகர்ந்து கொண்டிருந்த மணலைத் துறைமுகம் மறித்தது. மறித்த மணல் தெற்கே சேரச் சேர மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்றுபோய்க் கடல் கரையை அரித்தது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் இங்கே உலாவும் சாலையை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். வெள்ளைக்கார துரைகள் மாலைக் காற்று வாங்க அமைத்த இடத்தில் இன்று திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து மினி லாரியில் வந்த பிள்ளைகள் மணல் வீடு கட்டுகிறார்கள். இதைவிட நல்ல மாற்றம் இந்த நகரத்தில் வேறு எது நடந்திருக்கிறது?

மணலுக்குள் இறங்கும் முன்பே, காமராஜர் சாலை ஓரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். காவல்துறை உதவி மையத்தின் முன்னால் பெற்றோர் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பார்கள். பெண் காவலர் ஒருவர் பட்டையில் குழந்தையின் பெயரையும் பெற்றோரின் கைப்பேசி எண்ணையும் எழுதி, மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் சுற்றி ஒட்டுவார். கட்டிய மறுநிமிடமே பிள்ளை அதைப் பிய்க்கப் பார்க்கும். “வளையல் போட்டிருக்கேன் பாரு, கழட்டக் கூடாது செல்லம்” என்று காவலரே கொஞ்சுவார். தற்காலிகக் கட்டுப்பாட்டு அறை, கண்காணிப்புக் கோபுரங்கள், குதிரைப்படை, டிரோன் என்று எத்தனையோ ஏற்பாடுகள் இருந்தாலும், பெற்றோரின் வயிற்றில் பால் வார்ப்பது இந்தச் சின்னப் பட்டைதான்.

காரணம் எளிது. கூட்டத்தில் தொலைந்த சின்னப் பிள்ளையிடம் “அம்மா பேர் என்ன?” என்று கேட்டால் “அம்மா” என்றுதான் சொல்லும். வீடு எங்கே என்று கேட்டால் “அங்கே” என்று கைகாட்டும். பட்டையில் எண் இருந்தால் அந்தக் கேள்விகளுக்கே அவசியம் இல்லை. எழுதிக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாள் முழுக்கப் படம் பிடித்துச் சார்ஜ் தீர்ந்துபோகும் கைப்பேசியின் எண்ணைத் தராமல், பையில் பத்திரமாகக் கிடக்கும் பழைய பட்டன் போனின் எண்ணைத் தருவது நல்லது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் கூடும்போது சிக்னலும் திணறும். ஆகவே குடும்பமாக ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்வது அவசியம். உழைப்பாளர் சிலை அதற்குத் தோதான இடம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்ட அந்தச் சிலை, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒருமுறை காட்டினால் மறக்காது: “நாலு மாமா கல்லைத் தள்ளுறாங்களே, அங்கே வந்துடு.”

வீட்டிலிருந்து கிளம்பும்போதே பிள்ளைகளை நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வதும் உதவும். காணாமல்போன பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்று பதற்றத்தில் பெற்றோருக்கே நினைவு வராது. அன்று பொங்கலுக்கு எடுத்த புதுச்சட்டையாகத்தான் இருக்கும், அதனால் அந்தக் குழப்பம் இன்னும் கூடும்.

அடுத்து கடல். குழந்தையைக் கடலுக்குக் கூட்டிப் போய்விட்டு, தண்ணீரில் இறங்காதே என்று சொல்வது கொடுமைதான். ஆனாலும் காணும் பொங்கல் அன்று சவுக்குக் கட்டைகளால் நீளத் தடுப்பு கட்டி, யாரும் அலையில் இறங்காதபடி காவலர்கள் நிற்கிறார்கள். தடுப்பைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழும் பிள்ளைகளையும், “கால் மட்டும் நனைச்சுக்கட்டும் சார்” என்று கெஞ்சும் அப்பாக்களையும் அன்று நிறையப் பார்க்கலாம். கெஞ்சலுக்குக் காவலர்கள் இளகாமல் இருப்பது சரி.

மெரினாவின் கடலடி ஒரே சீராகச் சரிவதில்லை. முழங்கால் ஆழத்தில் நிற்பவர் நாலு எட்டு வைத்தால் கழுத்தளவு ஆழத்துக்குப் போய்விடலாம். கரைக்கு வந்த அலைநீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். சில இடங்களில் அது குறுகிய ஓடைபோலச் சேர்ந்து கடலை நோக்கி வேகமாக இழுக்கும். அந்த இடம் பார்வைக்கு ஆபத்தாகவே தெரியாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடையும்போது நடுவில் மட்டும் அமைதியாக, சற்றுக் கருத்த நிறத்தில் தண்ணீர் இருக்கும். நீச்சல் தெரியாதவர் அலை குறைவாக இருக்கிறதே என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் இறங்குவார். அந்த இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலக வேண்டும். நீந்தத் தெரிந்த பெரியவருக்கே இது பெரும்பாடு. குழந்தைக்கு வாய்ப்பே இல்லை.

விடுமுறை நாளின் மகிழ்ச்சி எப்படி ஒரு நொடியில் கலையும் என்பதற்குப் பழவேற்காடு சாட்சி. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் பயணம் வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு அங்கே கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். பிள்ளைகளோடு படகில் ஏறும் எந்தக் குடும்பமும், குழந்தைக்கு அளவான உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லை என்றால் ஏறக் கூடாது. பிள்ளை அழுதாலும் ஏறக் கூடாது.

மெரினாவே கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம் அண்மைக்காலத்தது. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்கக் கைக்குழந்தைகளோடும் முதியவர்களோடும் பல லட்சம் பேர் கடற்கரையில் திரண்டார்கள். காலை 11 மணிக்குத் தொடங்கி மதியம் வரை நிகழ்ச்சி நடந்தது. நிழல் இல்லை, கொளுத்தும் வெயில், முடிந்ததும் பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரே நேரத்தில் முண்டியடித்த கூட்டம். அந்த நாளில் ஐந்து பேர் இறந்தார்கள், ஏராளமானவர்கள் மயங்கி விழுந்து மருத்துவமனை சென்றார்கள். வானத்தை அண்ணாந்து பார்க்க வந்த மக்களுக்கு அந்தக் கதி நேர்ந்திருக்கவே கூடாது.

தை மாத வெயில் அவ்வளவு கடுமை இல்லைதான். ஆனால் பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும், தாகத்தைச் சொல்லவும் தெரியாது. உச்சி வெயிலில் மெரினா மணலில் வெறுங்காலோடு நடந்தால் பெரியவர்களுக்கே பொறுக்காது. எனவே மூன்று மணிக்கு மேல் மணலில் இறங்குவதே சரி. ஆறு மணிக்கெல்லாம் சூரியன் நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். இருட்டிய பிறகு அந்தக் கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவது பகலில் தேடுவதுபோல இருக்காது. ஐந்தரைக்கே பாயைச் சுருட்டுகிற குடும்பங்கள் விவரமானவை. பேருந்தில் உட்கார இடமும் அவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

தின்பண்டங்கள் இல்லாமல் மெரினாவா? தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், வறுத்த மீன் என்று வாசனை இழுக்கும். சூடாகக் கண்ணெதிரே வெந்து வருவதை வாங்கிக் கொடுக்கலாம், நறுக்கித் திறந்து வைத்த பழத்துண்டுகளைத் தவிர்க்கலாம். ரோஜா நிறப் பஞ்சுமிட்டாயை மட்டும் பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும் வாங்கக் கூடாது. சோதித்த மாதிரிகளில் ரோடமின் பி கண்டறியப்பட்டதால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது. ரோடமின் பி துணிக்குச் சாயம் போடப் பயன்படுவது, உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது.

கைக்குழந்தையோடு வருபவர்களுக்குக் கடற்கரையைவிட வண்டலூர் வசதி என்பார்கள் சிலர். மரநிழல் இருக்கிறது, உண்மைதான். 1855இல் சென்னை அருங்காட்சியகத்தில் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சியிலிருந்து வளர்ந்து, இடம் மாறி, 1985இல் வண்டலூருக்கு வந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இன்று 602 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது. அந்தப் பரப்புதான் சிக்கலும். புலியைப் பார்த்துவிட்டு யானைக்குப் போவதற்குள் மூன்று வயதுப் பிள்ளை தோளில் தூங்கிவிடும். சின்னக் கால்களுக்குக் கிண்டி சிறுவர் பூங்காவே அளவானது. மான்களைப் பார்த்து, ஊஞ்சல் ஆடி, மரத்தடியில் தயிர்சாதம் சாப்பிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

எங்கே போனாலும், வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு கஷ்டம் தாய்மார்களைத் துரத்துகிறது. பச்சைப் பிள்ளைக்குப் பால் கொடுக்க மறைவிடம் வேண்டும். கழிப்பறை வேண்டும். ஈரத்துணி மாற்ற ஓர் இடம் வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் மாமியாரும் நாத்தனாரும் புடவையைத் திரையாகப் பிடிக்க, நடுவில் உட்கார்ந்து பால் கொடுக்கும் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. கழிப்பறை வரிசைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். பால் கொடுக்கும் தாய்க்கு அது எவ்வளவு கேடு!

இது முடியாத காரியமே அல்ல. 2015இல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்த மாநிலம் இது. மாற்றுத்திறனாளிகள் கடலருகே போய்வர மெரினாவில் மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானபோது மீண்டும் சீரமைத்துத் தரவும் முடிந்தது. சவுக்குக் கட்டைத் தடுப்பை ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்கு முன்பே கட்டி முடிக்கும் நிர்வாகத்துக்கு, அதே சவுக்குக் கட்டைகளில் தென்னங்கீற்று வேய்ந்து சில பந்தல்கள் போடுவது பெரிய செலவா? பந்தலுக்கு ஒரு பெண் காவலர், ஒரு செவிலியர், குடிநீர், ஒரு தொட்டில். பக்கத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான கழிப்பறைகள். கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் இத்தனை ஆண்டுகளாகத் தேறிய ஊர், கூட்டத்தை உபசரிக்கவும் தேற வேண்டும்.

மக்கள் பங்குக்குச் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மறுநாள் விடியலில் தூய்மைப் பணியாளர்கள் டன் கணக்கில் குப்பையை மணலிலிருந்து அரித்து எடுக்கிறார்கள். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் ஜனவரியில்தான் தொடங்குகிறது, அதுவும் இதே கரையில். சோறு கட்டி வந்த பையிலேயே இலையையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுபோகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அதைப் பெரியவர்களைவிட அவர்களே ஒழுங்காகச் செய்வார்கள்.

கொரோனாவால் 2021 காணும் பொங்கலுக்கு மெரினா மூடப்பட்டது. 2022இல் அந்த நாள் முழு ஊரடங்கு ஞாயிறாக அமைந்தது. இரண்டு ஆண்டுகள் கடலைப் பார்க்காத பிள்ளைகள் அதன் பிறகு வந்தபோது, அவர்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் கடல். வரும் தையிலும் அப்படி முதல்முறை வரும் குழந்தைகள் இருப்பார்கள். மாநகராட்சியும் காவல்துறையும் அவர்களுக்காக அந்தப் பந்தல்களை இந்த முறையாவது போட்டுத் தரட்டும். கிளம்பும் குடும்பங்கள் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளட்டும்: அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. மூன்றும் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி இயங்குபவை.