சிறு தொகையும் லாப ஈவு நிதியும்

சங்கத்தின் பொதுப்பேரவையில் லாப ஈவு அறிவிக்கப்பட்டதும், "இதை மியூச்சுவல் பண்டில் போட்டால் மாதந்தோறும் டிவிடெண்டு வருமாமே?" என அங்கத்தினர்கள் நம்மிடம் வினவுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வினா நியாயமானதே. மாதம் 500 ரூபாயில் தொடங்கலாம். 100 ரூபாயை ஏற்கும் திட்டங்களும் உள்ளன. ஆயின், அங்கே ஈவு என்னும் சொல் நாம் அறிந்த பொருளில் வழங்குவதில்லை.

சங்கத்தில் 100 ரூபாய்ப் பங்கு வைத்திருப்பவருக்கு, ஈவு பெற்ற மறுநாளும் அப்பங்கு 100 ரூபாயாகவே நிற்கும். நிதியில் அவ்வாறன்று. ஒரு யூனிட்டின் மதிப்பு 25 ரூபாய் எனக் கொள்வோம். 500 ரூபாய்க்கு 20 யூனிட்டுகள். யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஈவு வழங்கினால் கைக்கு 20 ரூபாய் வரும். சந்தையில் வேறு மாறுதல் இல்லாவிடில் யூனிட்டின் மதிப்பு 24 ரூபாயாகிவிடும். நம் பணமே நம்மிடம் திரும்புகிறது. வருமான வரி கட்டுவோர் அதற்கு வரியும் செலுத்த வேண்டும். செபி 2021 ஏப்ரல் முதல் இவ்வகைத் திட்டத்தின் பெயரை 'வருமானப் பங்கீடும் மூலதன மீட்பும்' என்னும் பொருள்பட மாற்றியது. பெயர் நாவில் நுழையாவிடினும் உண்மையைச் சொல்கிறது. மேலும், ஈவு மாதந்தோறும் நிச்சயம் என உறுதி கூற எந்த நிதிக்கும் விதியில் இடமில்லை.

யூனிட் டிரஸ்டு 1964-ல் தொடங்கிய யு.எஸ். 64 திட்டத்தை நம் பெரியோர் மறந்திரார். ஆண்டு ஈவையே நம்பி எண்ணற்ற குடும்பங்கள் அதில் சேர்ந்தன. யூனிட்டின் விலையோ அடியிலிருந்த சொத்தின் மதிப்போடு பொருந்தாமல் நிர்ணயிக்கப்பட்டு வந்தது. 2001 ஜூலையில் விற்பனையும் மீள்கொள்முதலும் நிறுத்திவைக்கப்பட்டபோதுதான் பலர் விகிதத்தை விட்டுச் சொத்தைப் பற்றிக் கேட்டனர். இன்று நிதிகள் யூனிட்டின் சொத்து மதிப்பை வேலைநாள்தோறும் வெளியிடுகின்றன. அதைப் பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

'டிவிடெண்டு ஈல்டு பண்டு' என்பது வேறு. நல்ல ஈவு வழங்கும் கம்பெனிகளின் பங்குகளில் பெரும்பகுதியை முதலீடு செய்யும் நிதி அது. கம்பெனிகள் தரும் ஈவை வெளியே எடுக்காமல் நிதிக்குள்ளேயே சேர்த்துவைக்கும் 'குரோத்' முறையை அதிலும் தேர்ந்து கொள்ளலாம். சிறு தொகையினருக்கு நாம் இதையே கூறுவோம். இருபது ரூபாய் கைக்கு வந்தால் தேநீர்க் கடையோடு போய்விடும். தரகு இல்லாத 'டைரக்ட்' திட்டம் 2013 முதல் உண்டு. படிவத்தைத் தாமே நிரப்பக் கூடியவர்களுக்கு அது லாபம்.

எந்தப் பணத்தைப் போடுவது என்பதே பெரிய கேள்வி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாது, தறி நிற்கும். அந்நாட்களுக்கான செலவுப் பணமும், விவசாயியின் விதை, உரத் தொகையும் வைப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். பங்குச் சந்தை இறங்கினால் முதலும் குறையும். ஐந்தாறு ஆண்டுகள் தொடத் தேவையில்லாத மிச்சம் மட்டுமே இதற்கு உரியது.

தொடங்குவதற்குப் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் வேண்டும். வாரிசு நியமனப் பகுதியையும் நிரப்புக. சங்கப் பதிவேடுகளைப் பார்வையிடுகையில் நாம் அடிக்கடி வெறுமையாகக் காணும் கட்டம் அதுவே.