சிரிக்க வைப்பது எப்படி?

கலியாண வீட்டுத் திண்ணை. வெற்றிலைத் தட்டைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு கதை சொல்கிறார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். மறுநாள் அதே கதையை வேறொருவர் வேறோர் இடத்தில் சொல்கிறார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கொட்டாவி விடுகிறார்!

கதை ஒன்றுதான். பின் சிரிப்பு எங்கே போயிற்று?

நான்கு காரணங்கள்

சிரிப்பு ஏன் வருகிறது என்ற கேள்வியை நம் முன்னோர்கள் விட்டுவைக்கவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, நகையை முதலில் வைத்தார். அது நான்கு காரணங்களால் பிறக்கும் என்றார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவையே அந்த நான்கு.

எள்ளல் என்றால் கேலி. இளமை என்றால் பிள்ளைத்தனம். மழலை கேட்டு நாம் சிரிப்பது இதனால்தான். பேதைமை என்றால் அறியாமை. மடன் என்றால் சொன்னதை ஆராயாமல் அப்படியே பிடித்துக்கொள்வது. "அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனால், அது பொங்கி வழிவதையும் பார்த்துக்கொண்டே நிற்கிறானே, அவன் மடனுக்கு நல்ல உதாரணம்!

கடைசிச் சொல்லில் வெடி

ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் 1790-ல் வெளியிட்ட நூலில் இன்னொரு காரணம் சொன்னார். மனம் எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு திடீரென்று ஒன்றுமில்லாமல் போகிறது. அப்போது சிரிப்பு பிறக்கிறது என்பது அவர் கருத்து.

ஒரு பழைய ஹாஸ்யத்தைப் பாருங்கள்.

"டாக்டர், எனக்கு எல்லாம் உடனுக்குடன் மறந்துபோகிறது."

"அப்படியா? எத்தனை நாளாக?"

"எது எத்தனை நாளாக?"

இங்கேயே நிறுத்திவிட வேண்டும். சிலர் நிறுத்த மாட்டார்கள். "ஒரு மறதிக்காரன் கதை சொல்கிறேன், பிரமாதமாக இருக்கும்" என்று ஆரம்பிப்பார்கள். முடித்த பிறகு, "பார்த்தீர்களா, டாக்டரிடம் சொன்னதையே மறந்துவிட்டான்!" என்று விளக்கமும் சொல்வார்கள். முன்னுரை முடிவைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பின்னுரை, கேட்பவருக்குப் புத்தி போதாது என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. நடுவில் சிரிப்புக்கு இடம் ஏது?

ஆகவே வெடி கடைசிச் சொல்லில் இருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு கணம் மௌனம் வேண்டும். கதைக்குத் தேவையில்லாத ஊர், பேர், உறவுமுறைகளை உதறிவிட வேண்டும். முக்கியமாக, சொல்பவர் முந்திக்கொண்டு சிரிக்கக் கூடாது.

சிநேகமே முதல்

ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் சிரிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2000-ல் ஒரு நூல் வெளியிட்டார். மனிதர்கள் தனிமையில் சிரிப்பதைவிடச் சுமார் 30 மடங்கு அதிகமாகப் பிறருடன் இருக்கும்போது சிரிக்கிறார்கள் என்று அவர் கண்டார். அந்தச் சிரிப்பிலும் பெரும்பகுதி ஹாஸ்யத்தால் வருவதில்லையாம். "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்பது போன்ற சாதாரணப் பேச்சுக்கே சிரிக்கிறார்களாம்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? சிரிப்புக்கு வேர் சிநேகம். கேட்பவர்களின் அன்பைப் பெறாதவர் எவ்வளவு நல்ல கதை சொன்னாலும் எடுபடாது.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

அந்த அன்பைக் கெடுப்பதும் கேலிதான். பத்துப் பேர் நடுவில் ஒருவருடைய திக்குவாயையோ நிறத்தையோ சொல்லிக் கேலி செய்தால் ஒன்பது பேர் சிரிக்கலாம். பத்தாமவரும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் சிடுமூஞ்சி என்று பேர் வந்துவிடுமே! ஆனால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயரை அறுபது வயதிலும் மறக்காதவர்கள் உண்டு.

எள்ளல் இரண்டு வகை என்று தொல்காப்பிய உரை கூறுகிறது. பிறரைக் கேலி செய்து சிரிப்பது ஒன்று. பிறர் நம்மைக் கேலி செய்யும்போது நாமும் சிரிப்பது மற்றொன்று. இரண்டாவதில்தான் பெருந்தன்மை இருக்கிறது.

ஒரு பாகவதர் சொல்வதாக ஒரு கதை உண்டு. "நான் பாட ஆரம்பித்தபோது சபை நிறைய ஜனங்கள். முடித்தபோது ஒரே ஒருவர்தான் மிச்சம். 'நீர் ஒருவராவது ரசிகராக இருக்கிறீரே' என்று கைகூப்பினேன். 'நீங்கள் எழுந்திருந்தால் நான் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு போவேன்' என்றார்!"

பாகவதரே சொன்னால் இது ஹாஸ்யம். அவர் எதிரில் இன்னொருவர் சொன்னால் அவமானம்.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) இந்த ரகசியம் அறிந்தவர். 1949-ல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் நந்தனார் சரித்திரத்தின் சாயலில் 'கிந்தனார்' காலட்சேபம் நடத்தினார். படிப்புக்கு ஏங்கிய ஓர் ஏழைச் சிறுவனின் கதை அது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பின் அடி சிறுவன்மேல் விழவில்லை. அவனை ஒதுக்கி வைத்த வழக்கத்தின்மேல் விழுந்தது.

ஒரு வேடிக்கை சொல்ல வாயெடுக்கும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். அதில் அடிபடுகிறவர் உங்கள் எதிரில் இருந்தால் அவரும் மனம்விட்டுச் சிரிப்பாரா? சிரிப்பார் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு கணம் நிறுத்த மறக்காதீர்கள்!