மூடுபனியில் மலை ஏறினால்...



போன கார்த்திகை மாதம் நாங்கள் 18 பேர், இரண்டு டீச்சர்களோடு குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்து போனோம். வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் போனோம். 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத் தீயில் 20 பேருக்கு மேல் இறந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் வனக்காவலர் ஐயா முன்னால் நடந்தார்.

அந்தக் காலத்தில் மூணாறு தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகத்தான் கீழே இறங்கின. ரோப்வேயின் மேல் நிலையம் என்பதால்தான் அந்தப் பெயர். அங்கே மலை முகட்டில் விழும் மழை ஒரு பக்கம் வைகைக்கும், மறுபக்கம் பெரியாற்றுக்கும் போகிறது.

மூடுபனி எப்படி வருகிறது?

ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும். மேலே ஏற ஏற அது குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. அது பொடிப்பொடி நீர்த்துளியாக மாறும். கீழே நின்று பார்த்தால் மேகம், உள்ளே நின்று பார்த்தால் மூடுபனி. அவ்வளவுதான்!

என்ன ஆபத்து?

தூரத்தில் மரமோ பாறையோ தெரியாவிட்டால், நேராக நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வளைந்து போய்விடுவோம். முகட்டில் தப்பான பக்கம் இறங்கினால் வேறு பள்ளத்தாக்குக்கே போய்ச் சேருவோம். துணி நனைந்து காற்றும் அடித்தால் உடம்புச் சூடு சீக்கிரம் குறையும்.

நான் செய்த தப்பு

"நீதான் கடைசி ஆள். உனக்குப் பின்னாடி ஒருத்தரும் இருக்கக் கூடாது" என்று டீச்சர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். முகட்டுக்குப் பக்கத்தில் திடீரென்று வெள்ளையாக மூடிவிட்டது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பயமாப் போச்சு. வேகமாக நடந்து முன்னால் போனவர்களோடு சேர்ந்துகொண்டேன். எண்ணிப் பார்த்தால் 17 பேர்தான்! செருப்பு வார் அறுந்து குனிந்த என் தோழியை நான் தாண்டி வந்திருக்கிறேன்.

எல்லோரும் ஓடித் தேடக் கிளம்பினோம். ஐயா தடுத்துவிட்டார். "ஏ புள்ளைகளா, ஒருத்தரும் நகராதீங்க" என்று விசில் ஊதினார். பதிலுக்குச் சன்னமாக ஒரு விசில் கேட்டது. அவரும் ஒரு டீச்சரும் மட்டும் போய் அழைத்து வந்தார்கள். அவள் நின்ற இடத்தை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. பாதையை விட்டு நாலு எட்டில் சரிவு. நடந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் கை நடுங்குது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுடி" என்றாள்.

நினைவில் வையுங்கள்:

1. முதல் ஆளும் கடைசி ஆளும் மாறக் கூடாது. அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும்.
2. முன்னால் போகிறவர் முதுகு தெரிகிற தூரத்தில் நடக்க வேண்டும்.
3. வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள், அது அருவியில் போய் முடியலாம்.
4. ஆபத்து என்றால் ஒரு நிமிடத்தில் 6 முறை விசில், பிறகு ஒரு நிமிடம் அமைதி. மறுபடியும் அதேபோல. பதில் சைகை நிமிடத்துக்கு 3 முறை.
5. உலர்ந்த ஸ்வெட்டரைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

விசில் விலை கொஞ்சம்தான். ஆனால் அன்று அது என் தோழியைத் திருப்பிக் கொடுத்தது.



– 9-ஆம் வகுப்பு மாணவி