மீன் குட்டைக்குப் போகும் நம் கடைச் சரக்கு

மஞ்சள், பூண்டு, வெந்தயம், பிண்ணாக்கு ஆகியவற்றை நாம் காலங்காலமாக விற்று வருகிறோம். அடுப்பங்கரைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் போன இந்தச் சரக்கை இப்போது மீன், இறால் பண்ணைக்காரர்களும் கேட்கிறார்கள். எர்ணாவூரில் உள்ள எங்கள் மொத்தக் கடைக்கு மீஞ்சூர், பொன்னேரி பக்கத்திலிருந்து வருவோரில் இவர்களும் உண்டு. இது நமக்கு நல்ல வியாபாரம். ஆனால் பொறுப்பும் கூடவே வருகிறது.

கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்போர் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து போடுவது பழைய வழக்கம். மூலிகை கலப்பது பெருகியதற்குக் காரணம் நோய். 1994-95-இல் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கரை இறால் பண்ணைகளைச் சூறையாடியது. நோய்க்குப் பயந்து பலர் ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கொட்டினர். அந்த மருந்தின் மிச்சம் இருந்த இறாலை வெளிநாட்டார் திருப்பி அனுப்பினர். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை இன்று மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. கடலோரப் பண்ணைகளைக் கண்காணிக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஆணையமும் அமைந்தது. ஆகவே செடி கொடிகளின் பக்கம் கவனம் திரும்பியது.

பூண்டின் வாசனை மீனைத் தீனிக்கு இழுக்கிறது. அதிலுள்ள அல்லிசின் கிருமியை அடக்குகிறது. மஞ்சளின் குர்குமின், துளசி, வெந்தயம் முதலியவை மீனின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதாகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆயினும் வெள்ளைப்புள்ளி நோய் கண்ட குட்டையை எந்த மூலிகையும் மீட்காது. ‘இது நோயைத் தீர்க்கும்’ என்று நாம் சொல்லி விற்கலாகாது. அளவு கேட்டால், பொன்னேரி மீன்வளக் கல்லூரிக்கோ, 1987 முதல் சென்னையில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்துக்கோ போகச் சொல்வதே முறை.

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு மழைக்காலத்தில் கிடங்கில் நனைந்த கடலைப் பிண்ணாக்கை வெயிலில் உலர்த்தி, விலை குறைத்து ஒரு பண்ணைக்காரருக்குக் கொடுத்தோம். ‘மீன்தானே தின்னப் போகிறது’ என்று நினைத்தோம். பத்து நாளில் அவர் வந்து, மீன் தீனி எடுக்கவில்லை, செத்து மிதக்கிறது என்றார். குட்டையில் வேறு குறையும் இருந்திருக்கலாம். ஆனால் பூசணம் பிடித்த மூட்டையைக் கொடுத்தது நாங்கள். பணத்தைத் திருப்பினோம், அவருடைய நம்பிக்கையைத் திருப்ப முடியவில்லை.

பிறகுதான் விவரம் அறிந்தோம். அந்தப் பூசணம் அப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். உலர்த்தினாலும் சமைத்தாலும் அது போகாது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஏராளமாக மாண்டதற்குக் கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே காரணம். அதே காலத்தில் அமெரிக்காவில் பருத்திக்கொட்டைத் தீனி தின்ற டிரவுட் மீன்களுக்கு ஈரல் புற்றுநோய் வந்ததும் இதனால்தான்.

இன்னொன்று. பிண்ணாக்கு என்றால் எல்லாம் ஒன்றல்ல. இலுப்பைப் பிண்ணாக்கில் உள்ள சபோனின் மீனைக் கொல்லும். குஞ்சு விடுமுன் வேண்டாத மீன்களை ஒழிக்கத்தான் அதைக் குட்டையில் போடுகிறார்கள். கடைப் பையன் மூட்டை மாற்றிக் கொடுத்தால் ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு ஒரே நாளில் போய்விடும். தனித்தனியாக அடுக்கி, பெரிய எழுத்தில் பெயர் எழுதி வையுங்கள்.

மஞ்சள் தூளிலும் கவனம் தேவை. பளபளப்புக்காக ஈயக் குரோமேட் கலக்கும் கயவர்கள் உண்டு. அந்த ஈயம் யாருக்கும் ஆகாது. விரலி மஞ்சளாகக் கொடுத்து அரைத்துக்கொள்ளச் சொல்வது நல்லது.

மூட்டைகளைத் தரையில் வைக்காமல் கட்டை மேல் அடுக்குங்கள். சுவரை ஒட்டாதீர்கள். பழைய சரக்கை முதலில் விற்றுத் தீருங்கள். பூசணம் கண்டதை எருக்குழிக்கு அனுப்புங்கள். தீனி என்று விற்காதீர்கள். பண்ணைக்குப் போன சரக்கு மீனாக நம் வீட்டுத் தட்டுக்கே திரும்பி வருகிறது என்பதை மறவாதிருப்போம்.