தீராத ஐயமும் தொழுகையும்

நாளொன்றுக்கு 5 வேளையாக 17 ரக்அத்துகள் என்னும் தொழுகைச் சுற்றுகள், ரக்அத் ஒன்றுக்கு இரண்டு ஸஜ்தாக்கள் என, கடமையான தொழுகையில் மட்டும் 34 முறை நெற்றியைத் தரையில் பதித்தெழும் மனிதனுடைய சித்தத்தில் அவ்வனுஷ்டானம் என்ன மாறுதலை விளைவிக்கிறது என்பதைக் கருவிகளைக் கொண்டு அளந்தறிய விஞ்ஞானிகள் முற்பட்டது மிகச் சமீப காலத்தில்தான். மலேயா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தொழுவோரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, மூளையின் பிற்பகுதியில் ஆல்ஃபா அலைகள் ஓங்குவதையும், உடலை அமைதிப்படுத்தும் நரம்புகளின் ஆதிக்கம் மிகுவதையும் கண்டு, 2014-இல் வெளியிட்டனர். எனினும், அப்பரிசோதனைக்கு உட்பட்டோர் முப்பதே ஆடவர்; கண்ணைச் சும்மா மூடிக்கொண்டாலே ஆல்ஃபா அலைகள் எழும் என்பதோ பழைய சங்கதி. ஆகையால், இதனை ஆதாரமாக்கித் தொழுகை ஓர் ஔஷதம் என்று முழங்குவது விஞ்ஞானத்துக்கும் அழகன்று, தொழுகைக்கும் அழகன்று.

என்னைப் பொறுத்தவரை, இந்த அலைகளைக் காட்டிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அரபு நூல் ஒன்றே அதிக சுவாரசியமானது. இன்றைய ஆப்கானிஸ்தானத்திலுள்ள பல்குப் பிரதேசத்தில் பிறந்து 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, தேகத்தையும் ஆன்மாவையும் பேணும் வழிகளைச் சேர்த்தெழுதிய அந்நூலில், நோயாளியின் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை மறந்துவிடும் வைத்தியர்களைக் குறை கூறுகிறார். துயரத்தைக் காரணம் விளங்குவது, விளங்காதது என இரண்டாகப் பகுத்து, பின்னதன் வேர் தேகத்தில் இருக்கக்கூடும் என்கிறார். கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றோடு, வேண்டாத எண்ணங்கள் ஓயாமல் வந்து மொய்க்கும் வஸ்வாஸையும் தனியொரு வியாதியாக வைத்து ஆராய்ந்து, அதற்கு ஆட்பட்டவர் தனிமையை நாடலாகாது என்று எச்சரிக்கிறார்.

இந்த வஸ்வாஸ் தொழுகைக்குள்ளேயே புகுந்துகொள்ளும் என்பதுதான் தொழுகையின் நன்மைகளைப் பேசுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பகுதி. தொழுகைக்கு முன் கை, முகம், கால்களைக் கழுவும் ஒளுவில் கை நனைந்ததோ இல்லையோ என்று மீண்டும் மீண்டும் கழுவுவதும், தொழுகையைத் தொடங்கும் ‘அல்லாஹு அக்பர்’ என்ற தக்பீரைச் சரியாகச் சொன்னோமா என்று தொழுகையை முறித்துத் திரும்பத் தொடங்குவதுமாக, அமைதியைத் தர வேண்டிய அதே கிரியை சிலருக்குச் சித்திரவதை ஆகிவிடுகிறது. அவர்களிடம் போய் இன்னும் அதிகமாகத் தொழுங்கள் என்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதேயாகும். மார்க்கச் சட்ட அறிஞர்கள் பலர் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். எப்போதேனும் ரக்அத் எண்ணிக்கையில் ஐயம் எழுந்தால் குறைந்த எண்ணையே கொண்டு தொழுது, மறதிக்காக இரண்டு ஸஜ்தா செய்யச் சொல்லும் அவர்களே, ஐயம் ஓயாமல் வருபவனை மட்டும், அதனைப் பொருட்படுத்தாமல், எதையும் திரும்பச் செய்யாமல், மேலே செல்லும்படி பணித்தனர். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்னும் உளவியலறிஞர் இத்தகைய நோயாளிகளுக்கு வகுத்த சிகிச்சையும், அஞ்சும் பொருளை அணுகவிட்டு, பின்னர் வழக்கமான கழுவுதலையும் சரிபார்த்தலையும் செய்யவிடாமல் தடுத்து நிறுத்துவதாகவே அமைந்தது. முஸ்லிம் நோயாளிக்கு அச்சிகிச்சையை அளிக்கும் மருத்துவர், ஒளுவுக்கு எவ்வளவு கழுவினால் போதும் என்ற வரம்பைத் தாமே விதிக்காமல், பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு நிர்ணயித்துக்கொள்வது நலம். இமாம் சொல்லும் அளவு, நோயாளி கழுவும் அளவைவிட வெகு குறைவாகவே இருக்கும்.